கடலோரப் பாக்கியும் எண்ணெய் டிரம்மும்

கடலோரத்தில் மளிகைக் கடை நடத்தும் நம் சங்க உறுப்பினர்கள் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு. "வள்ளத்துக்காரரிடம் பாக்கி கேட்டால் மோட்டார் சரியில்லை என்கிறார்." கோட்டாறில் நாற்பது ஆண்டுகளாக மொத்த வியாபாரம் செய்துவரும் நானும் இதை வெறும் சாக்கு என்றே நினைத்திருந்தேன். 2008-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் அந்த எண்ணம் மாறியது.

குளச்சல் பக்கத்துச் சில்லறைக் கடைக்காரர் ஒருவர் எனக்கு இரண்டு மாதப் பாக்கி வைத்திருந்தார். அவருக்கு நான்கு வள்ளத்துக்காரர்கள் பாக்கி. வசூலுக்கு நேரில் போனேன். "அண்ணாச்சி, நீங்களே வந்து பாருங்க" என்று அவர்களில் ஒருவர் என்னைக் கடற்கரைக்கு அழைத்துப் போனார்.

அவருடைய அவுட்போர்டு மோட்டார் முழு வேகத்தில் நன்றாக ஓடியது. வேகத்தைக் குறைத்தால் திணறியது. நியூட்ரலிலிருந்து கியரில் போட்டதும் அணைந்துவிட்டது. அலையடிக்கும் இடத்தில் மோட்டார் நின்று, வள்ளம் அலைக்குக் குறுக்கே திரும்பினால் கவிழ்ந்துவிடும். இது காசு விஷயம் மட்டுமல்ல, உயிர் விஷயம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

முன்பு யாரோ ஐட்லிங் ஸ்குருவைத் திருகி வேகத்தை ஏற்றிக் கொடுத்திருக்கிறார்கள். மோட்டார் நிற்கவில்லை. ஆனால் கியர் போடும்போதெல்லாம் கடகடவென்று சத்தம். இந்த மோட்டாரில் கியரைக் கோக்கும் பற்கள் குறைந்த வேகத்தில்தான் ஒழுங்காகக் கோக்கும். வேகமாகச் சுற்றும்போது போட்டால் பல்லின் முனை சிதையும். நாளடைவில் ஓட்டத்திலேயே கியர் நழுவும். கியர் பாகத்தையே மாற்ற வேண்டும் என்று சொல்லி அவரைக் கலங்க வைத்திருந்தார்கள்.

வயதான மெக்கானிக் ஒருவர் வந்தார். அவர் கியரைத் தொடவில்லை. பிளக்கைப் பார்த்தார், பிறகு கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றினார். அதில் தண்ணீர் நின்றது! குறைந்த வேகத்துக்கு எரிபொருள் போகும் துளை ஊசிமுனை அளவுதான். அதில் தண்ணீரோ அழுக்கோ புகுந்தால் ஐட்லிங் நிற்காது. முழு வேகத்தில் பெரிய துளை வழியாக எரிபொருள் போவதால் குறை தெரிவதில்லை. டேங்க், ஃபில்டர், கார்புரேட்டர் மூன்றையும் சுத்தம் செய்தார். ஐட்லிங்கை உரிய அளவுக்கு இறக்கி, கியர் கேபிளைச் சரிப்படுத்தினார். கியர் சத்தமின்றி விழுந்தது.

தண்ணீர் எங்கிருந்து வந்தது? நான்கு வள்ளத்துக்காரர்களும் எரிபொருளில் கலக்கும் எண்ணெயை ஒரே கடையில்தான் சில்லறையாக வாங்கியிருந்தார்கள். அந்தக் கடைக்கு டிரம் கொடுத்தது நான். என் கிடங்கு முற்றத்தில் அது மழையில் நிமிர்ந்து நின்றது.

மூடி இறுக்கமாகத்தானே இருந்தது என்று நானும் வாதாடினேன். ஆனால் பகல் வெயிலில் டிரம்முக்குள் காற்று விரிந்து வெளியேறும். இரவுக் குளிரில் சுருங்கி, மேலே தேங்கிய மழைநீரை மூடியின் மரை வழியே உள்ளே இழுக்கும். எண்ணெயை விடக் கனமான தண்ணீர் அடியில் தங்கும். கைப்பம்பும் அடியிலிருந்துதானே எடுக்கிறது?

அந்தப் பாக்கியில் ஒரு பகுதியை நான் தள்ளிக் கொடுத்தேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. நஷ்டம் என் முற்றத்தில் பிறந்தது.

ஆகவே நம்மவர்களுக்குச் சொல்கிறேன். டிரம்மைக் கூரைக்குக் கீழே வையுங்கள். வெளியே வைத்தே ஆக வேண்டுமென்றால், இரு மூடிகளும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி படுக்க வையுங்கள். முடிந்தவரை சீல் வைத்த டின்னையே விற்றுவிடுங்கள். அரை லிட்டர் கேட்பவருக்குச் சிறிய டின் கொடுக்கலாம். விலை சற்றுக் கூடினாலும் ஒரு நாள் தொழில் நஷ்டத்தை விட அது குறைவே. மோட்டார் சைக்கிளுக்கான டூ-டி எண்ணெயை அவுட்போர்டுக்கு என்று கொடுக்காதீர்கள். தண்ணீரால் குளிரும் மோட்டாருக்கு டிசி-டபிள்யூ3 என்ற தனி ரகம் இருக்கிறது.

நாம் விற்கும் சரக்கு கல்லாவைத் தாண்டியதும் நம் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. வள்ளம் கரை சேர்ந்தால்தான் நம் பேரேட்டில் வரவு விழும். அடுத்த முறை "மோட்டார் சரியில்லை" என்று கேட்டால், கோபப்படுவதற்கு முன் நம் கிடங்கை ஒருமுறை எட்டிப் பார்ப்போம்.