ஆறாம் வகுப்புக்குப் போனால் பசிக்காதா?

வளரிளம் பெண்கள் நலன் என்றால் நம் பள்ளிகளில் ஒரு கூட்டம் நடக்கும். டாக்டரம்மா வருவார். 'சுத்தமாக இருங்கள், கீரை சாப்பிடுங்கள், மாத்திரையை மறக்காதீர்கள்' என்பார். போட்டோ எடுப்பார்கள், பதிவேட்டில் எழுதிக்கொள்வார்கள். மறுநாள் பள்ளி அப்படியேதான் இருக்கும். மாற வேண்டியவள் பிள்ளைதான் என்பது அவர்கள் முடிவு.

சேரிகளிலும் விடுதிகளிலும் இந்தப் பிள்ளைகளோடு வேலை செய்கிற நாங்கள் அதை ஏற்கவில்லை.

முதலில் சோறு. இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். உடம்பு வேகமாக வளரும் வயது அது. மாதவிலக்கும் அப்போதுதான் தொடங்குகிறது; மாதாமாதம் இரும்புச்சத்து வெளியேறுகிறது. அதிகம் சாப்பிட வேண்டிய வயதில் பள்ளி என்ன தருகிறது?

2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் நல்ல திட்டம். ஆனால் அது ஐந்தாம் வகுப்போடு நிற்கிறது. மதியச் சத்துணவு பத்தாம் வகுப்போடு நிற்கிறது. பிள்ளை வயதுக்கு வரும் நேரம் பார்த்துக் காலைத் தட்டை எடுத்துவிடுகிறோம். அம்மா விடியுமுன்பே நடவுக்கோ சித்தாள் வேலைக்கோ கிளம்பிவிடும் வீட்டில், பழைய சோறு மிஞ்சியிருந்தால் உண்டு. இல்லையென்றால் மதிய மணி அடிக்கும்வரை வெறும் வயிறு. இந்தப் பிள்ளையிடம்தான் கீரை சாப்பிடச் சொல்கிறார்கள்.

ஆதிதிராவிடர் நல விடுதியில் பள்ளி மாணவிக்கு மாத உணவுப்படி 2023இல் 1,400 ரூபாயாக உயர்த்தப்பட்டது. நாளுக்கு 47 ரூபாய்கூட வராது. அதில் மூன்று வேளை. இதை அறிவித்தவர்கள் தங்கள் மகளுக்கு ஒரு வாரம் இந்தக் கணக்கில் சமைத்துப் பார்க்கட்டும்.

அடுத்தது தீட்டு. 2025 ஏப்ரலில் கோவை மாவட்டத்துத் தனியார் பள்ளி ஒன்றில், எட்டாம் வகுப்புத் தலித் மாணவி மாதவிலக்கு நாளில் வகுப்பறைக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து தேர்வெழுதினாள். வீட்டார்தான் தனியே உட்கார வைக்கச் சொன்னார்கள் என்றது பள்ளித் தரப்பு. சொல்லியே இருக்கட்டும். ஊர் சொல்வதையெல்லாம் செய்வதற்குப் பள்ளி எதற்கு?

2022இல் ஈரோடு மாவட்டத்தில் தலித் குழந்தைகளைப் பள்ளிக் கழிப்பறையைக் கழுவ வைத்ததாகத் தலைமையாசிரியை கைதானார். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒரே பிள்ளை, ரத்தத்தால் தீட்டாகிறாள், பிறப்பாலும் தீட்டாகிறாள். தன் தீட்டுக்கு வெளியே உட்கார வேண்டும், அடுத்தவர் அழுக்கை உள்ளே போய்க் கழுவ வேண்டும்! மாதவிலக்கைக் காட்டி ஒதுக்குவதும் தீண்டாமையே என்று 2018 சபரிமலைத் தீர்ப்பில் நீதிபதி சந்திரசூட் எழுதினார். அரசமைப்பின் 17ஆம் பிரிவைச் சுட்டினார். அந்த வரி நம் ஆசிரியர் பயிற்சிக்குள் வந்ததா?

சாதியைப் பேசாத பெண் நலத் திட்டம் தலித் சிறுமியின் உடம்பைக் குற்றவாளியாக்குகிறது. ரத்தசோகைக்கு அவள் சாப்பிடாதது காரணம், லீவுக்கு அவள் கூச்சம் காரணம், நோய்த்தொற்றுக்கு அவள் சுத்தம் காரணம். தண்ணீர் வராத குழாய்க்கும் தாழ்ப்பாள் இல்லாத கதவுக்கும் யார் காரணம்?

நாங்கள் கேட்பது இவ்வளவுதான். பன்னிரண்டாம் வகுப்புவரை காலையும் மதியமும் சோறு. விலைவாசியோடு உயரும் விடுதி உணவுப்படி. தண்ணீர், தாழ்ப்பாள், நாப்கின் போடத் தொட்டி உள்ள கழிப்பறை. அதைச் சுத்தம் செய்ய முறையான கூலியும் இயந்திரமும் தரப்பட்ட பணியாளர். பிள்ளையை ஒதுக்கும் பள்ளிமீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு.

தோழர்களே, மாணவர்களே, உங்கள் ஊர்ப் பள்ளியிலிருந்து தொடங்குங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு நம் தாய்மார்களை அழைத்துப் போங்கள். கழிப்பறைக் கதவைத் திறந்து பார்த்து, தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள். நம் பிள்ளைகளுக்குப் புத்திமதி போதும். இனி பள்ளி பதில் சொல்லட்டும்.