நடக்காத கொலைக்குச் சாட்சி யார்?

ஒரு தெருவில் கொலை விழுந்தால் ஊரே கூடுகிறது. போலீசார் ஓடி வருகிறார்கள். பத்திரிகையில் செய்தி வருகிறது. கோர்ட்டில் வழக்கு நடக்கிறது. குற்றவாளி ஜெயிலுக்குப் போகிறான். அங்கே அவனுக்குப் பல வருஷம் சாப்பாடு போட வேண்டும். இத்தனைக்கும் சர்க்கார் பணம் செலவாகிறது. யாரும் முணுமுணுப்பதில்லை.

அதே தெருவில், நடக்க இருந்த ஒரு கொலையை நாலு பேர் தலையிட்டுத் தடுத்து விட்டால்? கூட்டம் இல்லை. செய்தி இல்லை. வழக்கும் இல்லை. ஆனால், அந்த நாலு பேருக்குச் சர்க்கார் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். "எதற்கு இந்தத் தண்டச் செலவு?" என்று உடனே கேள்வி பிறக்கும்!

அமெரிக்காவில் பல வருஷங்களாக இந்த வழக்குதான் நடக்கிறது. எந்த நாட்டுக்காரரும் தெரிந்துகொள்ள வேண்டிய வழக்கு இது.

டாக்டர் கண்ட நோய்

அமெரிக்காவின் பெரிய நகரங்களில் ஒன்று சிகாகோ. துப்பாக்கிச் சண்டைக்குப் பேர் போன ஊர். அந்த ஊரில் பிறந்தவர் டாக்டர் கேரி சுலட்கின். அவர் தொற்று நோய்களை எதிர்த்து வேலை செய்தவர். சான்பிரான்சிஸ்கோ நகரில் காச நோயுடன் போராடினார். சோமாலியா நாட்டு அகதிகள் முகாமில் காலராவுடன் போராடினார். 1995-ம் ஆண்டு ஊருக்குத் திரும்பினார்.

சொந்த ஊரில் இளைஞர்கள் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டு செத்தார்கள். கொலை நடந்த இடங்களை டாக்டர் வரைபடத்தில் பார்த்தார். காலரா பரவும் படத்தைப் போலவே அது இருந்தது! ஓர் இடத்தில் ஒன்று நடந்தால், அதைச் சுற்றியே அடுத்ததும் நடந்தது. அண்ணனைச் சுட்டவனைத் தம்பி சுட்டான். செத்தவனுக்கும் ஒரு தம்பி இருந்தான்!

இது தொற்று நோய் என்றால், தொற்று நோய்க்குச் செய்வதைச் செய்ய வேண்டியதுதானே? பரவும் இடத்தைக் கண்டுபிடி. முதலிலேயே தடு. இதுதான் டாக்டரின் யோசனை. 2000-ம் ஆண்டு சிகாகோவின் மேற்குப் பகுதியில் ஒரு பேட்டையில் வேலை தொடங்கியது.

பாம்பின் கால் பாம்பறியும்

இந்த வேலைக்கு யாரை வைத்தார்கள் தெரியுமா? அந்தத் தெருக்காரர்களையே வைத்தார்கள். அவர்களில் பலர் ஒரு காலத்தில் கோஷ்டிகளில் இருந்தவர்கள். ஜெயிலுக்குப் போய் வந்து, திருந்தி வாழ்பவர்கள்.

அவர்கள் கையில் ஆயுதம் இல்லை. யாரையும் கைது செய்ய அதிகாரமும் இல்லை. இரவில் தெருவில் நடப்பார்கள். எங்கே பகை புகைகிறது என்று மோப்பம் பிடிப்பார்கள். கடன் தகராறு, பெண் தகராறு, "என்னைக் கேவலமாகப் பேசினான்" என்ற கோபம். இவைதான் பெரும்பாலும் துப்பாக்கியை எடுக்க வைக்கின்றன. உடனே அந்த இளைஞனிடம் போவார்கள்.

"தம்பி, நானும் உன்னைப்போல் இருந்தவன்தான். நான் ஜெயிலில் இருந்தபோது என் குழந்தை வளர்ந்து விட்டது. நீ இன்று இரவு மட்டும் வீட்டுக்குப் போ. நாளை பேசுவோம்" என்கிற மாதிரிப் பேசுவார்கள். இதைப் போலீஸ்காரர் சொன்னால் அவன் கேட்பானா? இவர் சொன்னால் கேட்பான்.

யாராவது சுடப்பட்டால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள். பழி வாங்கத் துடிக்கும் உறவினரோடு உட்கார்ந்திருப்பார்கள். கோபம் தணிந்த பிறகு, வேலை தேடித் தருவது, படிப்பைத் தொடர வைப்பது, போதைப் பழக்கத்துக்கு வைத்தியம் பார்க்க வைப்பது என்று பின்தொடர்வார்கள்.

பலன் உண்டா?

உண்டு. ஆனால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. உண்மையை மறைக்கக் கூடாது அல்லவா?

சர்க்கார் பணத்தில் ஒரு பல்கலைக்கழகத்தார் சிகாகோவில் ஏழு பகுதிகளை ஆராய்ந்தார்கள். 2008-ம் ஆண்டு அறிக்கை தந்தார்கள். நான்கு பகுதிகளில் துப்பாக்கிச் சூடு 16 முதல் 28 சதவீதம் வரை குறைந்தது. அதற்கு இந்த வேலை காரணம் என்றார்கள். மற்ற பகுதிகளில் அப்படி உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பிட்ஸ்பர்க் என்ற ஊரில் இதே போன்ற ஒரு திட்டம் பலன் தரவில்லை.

கலிபோர்னியாவில் ரிச்மண்ட் என்று ஓர் ஊர். ஜனத்தொகை சுமார் 1 லட்சம்தான். 2007-ம் ஆண்டில் மட்டும் அங்கே 40 பேருக்கு மேல் கொலையுண்டார்கள். அந்த ஆண்டே நகரசபை ஒரு தனி அலுவலகம் திறந்தது. தெருவில் இறங்கி வேலை செய்பவர்களுக்கு நகரசபையே சம்பளம் கொடுத்தது. துப்பாக்கி தூக்கக் கூடியவர்கள் என்று தெரிந்த இளைஞர்களைத் தேடிப் பிடித்தார்கள். வழிக்கு வந்தவர்களுக்குச் சில மாதங்கள் உதவித்தொகையும் கொடுத்தார்கள். அந்தப் பணம் நன்கொடையாக வந்தது. அதே சமயம் போலீசாரும் மக்களோடு பழகும் முறையை மாற்றிக் கொண்டார்கள். 2014-ம் ஆண்டில் கொலைகள் 11 ஆகக் குறைந்தன. இரண்டு கையும் சேர்ந்து தட்டியதால் வந்த ஓசை அது!

திறந்து மூடும் குழாய்

இவ்வளவு நல்ல வேலைக்குப் பணம் ஒழுங்காக வந்ததா? அதுதான் இல்லை.

2007-ம் ஆண்டு இல்லினாய் மாநில கவர்னர், சிகாகோ திட்டத்தின் பணத்தை வெட்டினார். பிறகு பணம் வந்தது. 2015-ம் ஆண்டு மாநில பட்ஜெட் நெருக்கடியில் மறுபடி நின்றது. அலுவலகங்கள் மூடப்பட்டன. அடுத்த ஆண்டு சிகாகோவில் 750 பேருக்கு மேல் கொலையுண்டார்கள். பணம் நின்றதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால், வீடு பற்றி எரியும் சமயத்தில் கிணற்றை மூடியது யார் என்று கேட்கலாம் அல்லவா?

2022-ம் ஆண்டு அமெரிக்க மத்திய சர்க்கார் புதிய சட்டம் போட்டது. இம்மாதிரி வேலைக்கு ஐந்து வருஷத்தில் 25 கோடி டாலர் தருவதாகச் சொன்னது. ஆனால் 2025-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் அதே நாட்டின் நீதி இலாகா 300-க்கு மேற்பட்ட மானியங்களை ரத்து செய்தது. அவற்றின் மொத்த மதிப்பு 80 கோடி டாலருக்கு மேல். தெருச் சண்டையைத் தடுப்பவர்களின் பணமும் அதில் அடிபட்டது.

ரோடு போடும் பணம் ஒரு வருஷம் நின்றால், அடுத்த வருஷம் ரோடு போட்டுக்கொள்ளலாம். இது அப்படி அல்ல. இந்த வேலைக்கு முதல் நம்பிக்கைதான். ஓர் இளைஞன் ஒருவரை நம்புவதற்குப் பல மாதம் ஆகும். அவரை ஒரே கடிதத்தில் வேலையை விட்டு அனுப்பினால், நம்பிக்கையும் அவரோடு போய்விடும். மறுபடி பணம் வரலாம். நம்பிக்கை வருமா?

ஜெயில்காரனுக்குச் சம்பளமா?

"ஜெயிலுக்குப் போய் வந்தவனுக்கு வரிப் பணமா?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். வேலைக்கு வைத்தவர்களில் சிலர் மறுபடி குற்றம் செய்து பிடிபட்டதும் உண்டு.

அதற்காக வேலையையே நிறுத்துவதா? போலீசிலும் சில சமயம் கெட்டவர் அகப்படுகிறார். அதற்காக ஸ்டேஷனையா மூடுகிறோம்? அவரை நீக்கிவிட்டு, நல்லவரை வைக்கிறோம். இங்கும் அதைத்தான் செய்ய வேண்டும்.

ஆளைப் பார்த்துப் பொறுக்க வேண்டும். பயிற்சி கொடுக்க வேண்டும். குடும்பம் நடத்தப் போதிய சம்பளம் கொடுக்க வேண்டும். வெளியார் வந்து கணக்குப் பார்க்க வேண்டும். பலன் இல்லாத இடத்தில் முறையை மாற்ற வேண்டும். ஆனால், நடுவழியில் பணத்தை நிறுத்தக் கூடாது. ஐந்து வருஷம் என்று சொன்னால் ஐந்து வருஷம் கொடுக்க வேண்டும்.

தாய்மார்களைக் கேட்டால் தெரியும். குழந்தைக்குத் தடுப்பு ஊசி போடுகிறோம். நோய் வரவில்லை. "வராத நோய்க்கு ஊசி எதற்கு?" என்று எந்தத் தாயாவது கேட்கிறாளா? அப்படி எல்லோரும் கேட்டிருந்தால், பெரியம்மை உலகத்தை விட்டு ஒழிந்தது என்று 1980-ம் ஆண்டு அறிவித்திருக்க முடியுமா?

வெள்ளம் வருமுன் அணை போடுவதே புத்திசாலித்தனம். அணை போட்ட வருஷம் வெள்ளம் வரவில்லை என்று அணையை இடிப்பது புத்திசாலித்தனம் அல்ல.

நடக்காத கொலைக்குச் சாட்சி யார் என்று கேட்டோம். சாட்சி இருக்கிறது. சாக வேண்டியவன், சாகாமல் வீடு திரும்புகிறான். கொல்ல வேண்டியவனும் ஜெயிலுக்குப் போகாமல் வீடு திரும்புகிறான். அன்று இரவு கதவைத் திறந்து விடுகிறார்களே இரண்டு தாய்மார்கள், அவர்கள்தான் சாட்சி!