ஒரு சிகார் 60 ஆயிரம் ரூபாயா? விலைக்கு ஏத்த சரக்கா, இல்ல பெட்டிக்கும் பெயருக்கும் போற காசா?

ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு, சுந்தரபாண்டியம் வட்டாரத்துல காவல் தெய்வக் கோயில் படையலைப் பார்த்தவங்களுக்கு இது தெரிஞ்ச விஷயம்தான். கருப்பசாமிக்கு வைக்கிற பொருட்கள்ல சுருட்டும் ஒண்ணு. பெட்டிக்கடையில டீ, வடை காசுக்குள்ள கிடைக்கிற சரக்கு அது. அதே புகையிலை இலையைக் கையால சுருட்டி, தங்கக் கலர் பட்டை ஒட்டி, மரப்பெட்டியில வெச்சா விலை எங்கேயோ போகுது.

எங்கே வரைக்கும்? அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலிருந்து இயங்கும் கூர்க்கா என்ற நிறுவனத்தின் 'ஹிஸ் மெஜஸ்டிஸ் ரிசர்வ்' சிகார், ஒன்றின் விலை 750 டாலர் என்று சொல்லி விற்கப்பட்டது. நம்ம காசுக்கு 60 ஆயிரம் ரூபாயைத் தாண்டும். லூயி பதிமூன்று என்ற விலை உயர்ந்த கோன்யாக் மது சேர்த்துப் பதப்படுத்தியது என்பதுதான் இதன் பெருமை. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் பரிசாக நீட்டுவதிலிருந்து, சென்னை, பெங்களூரு நட்சத்திர ஹோட்டல் லவுஞ்ச் வரை சிகார் இப்போது ஒரு அந்தஸ்து அடையாளம். ஆனால் கொடுக்கும் காசுக்கு அதில் என்னதான் இருக்கிறது?

விலையில் நியாயமான பங்கு எது?

முதலில் நியாயமானதைச் சொல்லிவிடலாம். நல்ல சிகார் தயாரிப்பது மெதுவான வேலை. இலையைப் பறித்து, கொட்டகையில் உலர்த்தி, அடுக்கிப் புளிக்க வைத்து, மாதக்கணக்கில், சில ரகங்களுக்கு வருடக்கணக்கில் வைத்திருக்க வேண்டும். மேலே சுற்றுகிற இலை கிழியாமல், நரம்பு துருத்தாமல் இருக்க வேண்டும் என்பதால் சில இடங்களில் துணிப் பந்தலுக்குக் கீழேயே செடியை வளர்க்கிறார்கள். கடைசியில் பழகின கைகள் சுருட்ட வேண்டும்.

கியூபாவின் கோஹிபா பிராண்டில் 2010-ல் வந்த பெஹிகே ரகத்தில் 'மெடியோ தியெம்போ' என்ற இலை சேர்கிறது. செடியின் உச்சியில் வரும் இலை, அதுவும் எல்லாச் செடியிலும் வராது. ஆக, அரிதான பொருள் என்பதில் பொய் இல்லை. 2022 செப்டம்பரில் இயான் புயல் கியூபாவின் புகையிலை மாகாணமான பினார் தெல் ரியோவைத் தாக்கி உலர்த்தும் கொட்டகைகளை ஆயிரக்கணக்கில் சாய்த்தது. சரக்கு இன்னும் குறைந்தது.

ஆனால் புயலுக்கு முன்பே விலை ஏறிவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். கியூப சிகார்களை உலகம் முழுக்க விற்கும் ஹபானோஸ் நிறுவனம், 2022 மே மாதம் கோஹிபா, டிரினிடாட் பிராண்டுகளுக்கு எல்லா நாட்டிலும் ஏறக்குறைய ஒரே விலை என்று அறிவித்தது. எந்த நாட்டு விலை? ரொம்ப விலை அதிகமான ஹாங்காங் விலை! பல நாடுகளில் ஒரே இரவில் விலை இரண்டு மடங்கு, சில ரகங்களுக்கு மூன்று மடங்கு. இலை மாறவில்லை, சுருட்டும் ஆளும் மாறவில்லை. சீனாவில் வாங்க ஆள் இருந்தது, அவ்வளவுதான். அந்நிறுவனத்தின் விற்பனை 2022-ல் 54.5 கோடி டாலர், 2024-ல் 82.7 கோடி டாலர். விலையை ஏற்றியும் வாங்குபவர் ஓடவில்லை. சொகுசுப் பொருளில் விலை ஏறுவதே சில பேருக்கு வாங்குவதற்கான காரணமாகிவிடுகிறது.

கதைக்கு எவ்வளவு, இலைக்கு எவ்வளவு?

கூர்க்கா விஷயம் இன்னும் சுவாரஸ்யம். 1989-ல் கோவாவுக்கு விடுமுறைக்கு வந்த கைசாத் ஹன்சோட்டியா, அங்கே சிகார் விற்றவரிடமிருந்து சரக்கையும் பெயரையும் சேர்த்தே வாங்கினார் என்பது அந்த பிராண்டின் பிறப்புக் கதை. பெயரில் கூர்க்கா வீரர்களும் பிரிட்டிஷ் இந்தியாவும் இருந்தாலும், சிகார்கள் தயாராவது டொமினிகன் குடியரசு, ஹோண்டுராஸ், நிகராகுவா பக்கம். இதே பிராண்டின் சாதாரண ரகங்கள் அமெரிக்க இணையக் கடைகளில் பட்டியல் விலையைவிடப் பெரிய தள்ளுபடியில் கிடைப்பது சிகார் பிரியர்கள் நடுவே பழைய பேச்சு.

சிவகாசிப் பக்கம் இருக்கிறவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பட்டாசு விலைப் பட்டியலில் ஒரு விலை போட்டு, பக்கத்திலேயே 80 சதவீதம் தள்ளுபடி என்று அச்சடிப்பதைப் பார்த்து வளர்ந்த ஊர்கள் இவை. அந்தப் பட்டியல் விலைக்கு யாரும் வாங்குவதில்லை. அதுவும் விளம்பரத்தில் ஒரு பகுதி.

கதை விற்கும் வேலை நம்ம ஊருக்கும் புதுசு இல்லை. ஆங்கிலத்தில் 'செரூட்' என்ற சொல்லே தமிழ் 'சுருட்டு'தான். 1887-ல் வெளியான முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், சாம்பலைப் பார்த்தே அது திருச்சி சுருட்டு என்று ஹோம்ஸ் கண்டுபிடிப்பார். திண்டுக்கல்லில் ஸ்பென்சர் நிறுவனத்தின் சுருட்டுத் தொழிற்சாலை இருந்தது. அங்கிருந்துதான் சர்ச்சிலுக்குச் சுருட்டு போனது என்று அந்த ஊரில் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். சர்ச்சில் 1896-ல் பெங்களூருக்கு ராணுவப் பணிக்கு வந்தவர். ஆனால் அதற்கு முந்தைய வருடமே கியூபா போய்வந்தவர். அவர் பெயர் இன்று ஒட்டிக்கொண்டிருப்பதும் நீளமான கியூப சிகார் அளவுக்குத்தான். அதே கதையை விளம்பரப் பணம் உள்ளவன் சொன்னால் பிராண்ட். உறையூர் சுருட்டுக்காரர் சொன்னால் ஊர்ப்பேச்சு.

கண்ணை மூடி ருசித்தால்?

பட்டையை மறைத்துவிட்டுச் சோதித்தால் விலைக்கும் தரத்துக்கும் உள்ள உறவு தளர்ந்துபோகிறது. அமெரிக்காவின் 'சிகார் அஃபிசியனாடோ' இதழ் பெயரை மறைத்து மதிப்பெண் போடும் முறையை வைத்திருக்கிறது. 2012-ல் அது முதலிடம் கொடுத்த 'ஃப்ளோர் டி லாஸ் ஆன்டியாஸ்' நிகராகுவா சரக்கு. விலை பத்து டாலருக்கும் குறைவு. அதாவது, ஒரு மலிவு விலை கட்டத்தைத் தாண்டிய பிறகு, கூடக் கொடுக்கும் பணம் நாக்குக்குப் போய்ச் சேருவது கொஞ்சம்தான்.

ஆனால் வாங்கியவர் "சூப்பரா இருக்கு" என்கிறாரே, பொய்யா சொல்கிறார்? இல்லை. 2008-ல் கலிபோர்னியாவில் நடந்த ஒரு ஆய்வில் ஒரே ஒயினை இரண்டு விலை சொல்லிக் கொடுத்தார்கள். 90 டாலர் என்று சொன்னபோது, 10 டாலர் என்று சொன்னதைவிட நன்றாக இருப்பதாகக் குடித்தவர்கள் சொன்னார்கள். மூளை ஸ்கேனிலும் இன்பத்தோடு தொடர்புள்ள பகுதி கூடுதலாக இயங்கியது. விலையே ருசியில் கலந்துவிடுகிறது. சிகாருக்கும் அது பொருந்தாமல் போக வாய்ப்பு குறைவு.

போலி வேறு. கோஹிபா உலகில் அதிகம் போலி செய்யப்படும் சிகார்களில் ஒன்று. சுற்றுலாத் தலங்களில் கண்ணாடி மூடி போட்ட பெட்டியில் 'கியூப கோஹிபா' என்று தந்தால் அது போலி என்பது பழகினவர்கள் சொல்லும் முதல் அடையாளம். பத்தாததற்கு, அமெரிக்கக் கடைகளில் சட்டப்படி விற்கும் கோஹிபா வேறொரு நிறுவனம் டொமினிகன் குடியரசில் செய்வது. 1962-லிருந்து கியூபப் பொருட்களுக்கு அங்கே தடை.

வரி யார் தலையில்?

2026 பிப்ரவரி 1 முதல் சிகார், சுருட்டு, சிகரெட் எல்லாவற்றுக்கும் ஜிஎஸ்டி 40 சதவீதம். பீடிக்கு மட்டும் 18. நட்சத்திர ஹோட்டலில் புகையும் கியூப சிகாரும், கருப்பசாமி படையலுக்குப் போகும் நாட்டுச் சுருட்டும் ஒரே வரி வரிசையில்! ஆயிரக்கணக்கில் கொடுப்பவருக்கு இந்த வரி ஒரு பொருட்டில்லை. எண்ணிக்கைக் கூலிக்குச் சுருட்டுபவரின் வாடிக்கையாளருக்கோ பத்து ரூபாய் ஏறினாலே கை பின்வாங்கும். பீடி, சுருட்டுத் தொழிலாளர்களுக்கென்று மத்திய அரசு தனிச் சட்டம் போட்டது 1966-ல். கோஹிபா பிறந்ததும் அதே வருடம்தான், ஃபிடல் காஸ்ட்ரோவுக்காக.

வரியைக் குறைக்கச் சொல்கிறோமா என்றால், இல்லை. காரணம் உடம்பு. பெரிய சிகார் ஒன்றில் ஒரு பாக்கெட் சிகரெட்டில் உள்ள அளவு புகையிலை இருக்கலாம் என்கிறது அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனம். "நான் புகையை உள்ளே இழுக்க மாட்டேன்" என்பது சிகார் பிடிப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் சமாதானம். வாயில் வைத்திருந்தாலே வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய் ஆபத்து கூடுகிறது. இந்த விஷயத்தில் 60 ஆயிரம் ரூபாய் சிகாரும் பெட்டிக்கடைச் சுருட்டும் ஒரே சாதி.

இந்தியாவில் புகையிலை விளம்பரத்துக்கு 2003 சட்டப்படி தடை உண்டு. பாக்கெட்டில் 85 சதவீத இடத்துக்கு எச்சரிக்கைப் படம் இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து பையில் வரும் பரிசுப் பெட்டியில் அந்தப் படம் இருப்பதில்லை. பளபளக்கும் மரமும் தங்கப் பட்டையும் மட்டும்தான்.