செருப்பில்லாத கால்கள்

"நாய் நன்றியுள்ள பிராணி" என்று சிறு வகுப்பிலிருந்தே கட்டுரை எழுதி வருகிறோம். அது வீட்டைக் காக்கும், வாலை ஆட்டும் என்றெல்லாம் எழுதி மதிப்பெண்ணும் பெறுகிறோம். ஆனால் அந்த நாயின் உள்ளங்காலை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

நாயின் கால் கல்லைப் போன்றது, அதற்கு ஒன்றும் ஆகாது என்று பலர் எண்ணுகிறார்கள். இது தவறு. அதன் பாதத்தின் அடியிலுள்ள மெத்தை தடித்த தோலே. அதனுள் கொழுப்பும் நரம்பும் இரத்தக் குழாய்களும் உள்ளன. அது சுடும், கிழியும், வலிக்கும்.

சித்திரை வெயிலில் காற்றின் வெப்பம் 35 டிகிரி செல்சியஸாக இருக்கும்போது, தார்ச்சாலையின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டக்கூடும். நாம் செருப்பணிந்து நடக்கிறோம். சங்கிலியின் மறுமுனையில் வரும் பிராணிக்குச் செருப்பில்லை. புறங்கையைச் சாலையில் 7 விநாடி வைத்துப் பாருங்கள். நம்மால் பொறுக்க முடியாவிட்டால் நாயாலும் முடியாது. அதிகாலையிலோ, தரை ஆறிய பின்னரோ அதை அழைத்துச் செல்வதில் நமக்கு என்ன நஷ்டம்? வீடு திரும்பியதும் பாதத்தைக் கழுவி, விரல் இடுக்கில் முள்ளோ உண்ணியோ உண்டா என்று பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

காயம் பட்டுவிட்டால் பதற வேண்டாம். ஆனால் வலியில் துடிக்கும் நாய் வளர்த்தவரையும் கடிக்கும். ஆகவே பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும். சுத்தமான தண்ணீரால் காயத்தைக் கழுவி, மேலாகத் தெரியும் சிறு முள்ளை இடுக்கியால் எடுக்கலாம். ஆழமாகப் புதைந்ததைத் தொடக்கூடாது. இரத்தம் வந்தால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, பின் இறுக்காமல் கட்டுப் போட்டு, நாள்தோறும் மாற்ற வேண்டும். சூடுபட்ட பாதத்தின் மேல் குளிர்ந்த தண்ணீரை ஊற்ற வேண்டும். மண்ணெண்ணெயும் சுண்ணாம்பும் வைக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். நமக்கு வாங்கிய வலி மாத்திரை நாய்க்கு நஞ்சாகலாம். ஆழமான வெட்டுக்கும் நிற்காத இரத்தத்துக்கும் கால்நடை மருத்துவரே கதி. தெரு நாயானால் நாமே தொடாமல் பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். எந்த நாய் கடித்தாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மனிதருக்கே செருப்பில்லாதபோது நாயின் காலுக்கு இத்தனை கவலையா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் தெருவில் கிடக்கும் உடைந்த பாட்டில் நாயின் காலை மட்டும் தேடி வருவதில்லை. வெறுங்காலுடன் ஓடும் குழந்தையின் பாதத்தையும், குப்பை அள்ளும் தொழிலாளியின் கையையும் அதுவே கிழிக்கிறது. அதை அங்கே எறிந்தவர் வேற்றூர்க்காரர் அல்லர். நம் வீடுகளில் ஒருவரே.

உயிர்களிடத்தில் இரக்கம் காட்டுவதை ஒவ்வொரு குடிமகனின் கடமையாக 1976-ஆம் ஆண்டிலேயே நம் அரசியலமைப்பில் சேர்த்தார்கள். கடமை என்பது பெரிய செயலாகத்தான் இருக்க வேண்டுமா? உடைந்த கண்ணாடியைத் தடித்த காகிதத்தில் சுற்றி, "கண்ணாடி" என்று எழித் தனியே கொடுப்பதும் கடமைதான்.

தோழியரே, நன்றியுள்ள பிராணி என்று எழுதினால் மட்டும் போதாது. அதன் நன்றிக்கு நாம் தகுதியுள்ளவர்களாகவும் இருப்போம். இன்று மாலையே குனிந்து, அந்த நான்கு பாதங்களையும் ஒருமுறை பார்ப்போமாக!