மைக்கைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள்!

பள்ளிக்கூட நிர்வாகத்தில் இருக்கும் பெற்றோர்களுக்கு மாநாடு நடத்துகிறார்கள். பந்தல் போடுகிறார்கள். பஸ் விடுகிறார்கள். சாப்பாட்டுப் பொட்டலம், தண்ணீர் பாட்டில் எல்லாம் உண்டு. குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் பேசுவது யார்?

அழைப்பிதழை எடுத்துப் பாருங்கள். தலைமை, முன்னிலை, சிறப்புரை, வாழ்த்துரை, நன்றியுரை. மந்திரி, எம்.பி., எம்.எல்.ஏ., கலெக்டர், இயக்குநர், இணை இயக்குநர். கடைசி வரி வரைக்கும் விரல் வைத்துத் தேடினாலும், பெற்றோர் ஒருவர் பெயர் கண்ணில் படுவது அபூர்வம். யாருக்காக மாநாடோ அவர்கள் கீழே நாற்காலியில். வேலை என்ன? கை தட்டுவது!

நான் போயிருந்த ஒரு கூட்டத்தில் பொன்னாடை போர்த்தி முடிக்கவே முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. அப்புறம் ஆளுக்கு அரை மணி நேரம் பேச்சு. கடைசியில் "கேள்வி இருந்தா கேளுங்க" என்றபோது மைக்செட்காரர் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டார். பின் வரிசையில் ஒரு அம்மா எழுந்தார். "எங்க ஸ்கூல்ல கக்கூஸுக்குக் கதவு இல்லீங்க சார். பொம்பளப் புள்ளைங்க காலையிலேர்ந்து தண்ணியே குடிக்காம இருக்குதுங்க" என்றார்.

"மனுவா எழுதிக் குடுங்கம்மா" என்று பதில் வந்தது. அத்தோடு தேசிய கீதம்.

அன்று பேசிய அத்தனை பேரில் உருப்படியாக ஒரு விஷயம் சொன்னவர் அந்த அம்மாதான். அவருக்குக் கிடைத்த நேரம் அரை நிமிடம்.

சட்டம் என்ன சொல்கிறது?

இவர்கள் சும்மா கூப்பிட்டு உட்கார வைத்த கூட்டம் இல்லை. 2009-ல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்க வேண்டும் என்கிறது. அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்களாக இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி எப்படி நடக்கிறது என்று பார்க்கவும், வளர்ச்சித் திட்டம் தயாரிக்கவும், வந்த பணம் எங்கே போகிறது என்று கேட்கவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. தமிழ்நாட்டில் 2022-ல் இந்தக் குழுக்களைப் புதிதாக அமைத்தார்கள். அந்த ஆண்டு மார்ச் 20-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை மாநிலம் முழுக்க அரசுப் பள்ளிகளில் பெற்றோர் கூட்டம் நடந்தது. 2024-ல் மறுபடி அமைத்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேர் ஆக்கினார்கள். தலைவர் பெற்றோர்களில் ஒருவர்தான்.

அதாவது, இட்லிக் கடை வைத்திருக்கும் ஒரு அம்மா, தலைமை ஆசிரியரிடம் "கணக்கைக் காட்டுங்க சார்" என்று கேட்கலாம். சட்டப்படி கேட்கலாம். மத்திய அரசின் சமக்ர சிக்ஷா திட்டத்தில் பள்ளிக்கு ஒருங்கிணைந்த மானியம் என்று உண்டு. திட்டத்தின் விதிப்படி 100 பிள்ளைகளுக்கு மேல் 250 வரை படித்தால் 50 ஆயிரம் ரூபாய். 1000 பேருக்கு மேல் என்றால் 1 லட்சம். அதில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு சுத்தம், சுகாதாரத்துக்கு. கக்கூஸ் கதவுக்கு மனு எழுதச் சொன்னார்களே, அந்த அம்மாவிடம் இந்தக் கணக்கை யாராவது சொன்னார்களா? மேடையில் ஏறிய ஒருவர் இதை மட்டும் பத்து நிமிடம் விளக்கியிருந்தால் வந்த பஸ் செலவுக்குக் கணக்கு நேராகியிருக்கும்.

கடம்பத்தூர் நினைவிருக்கிறதா?

பள்ளிக்கூடத்துக்கு மாநாடு கூட்டுவது இந்த ஊருக்குப் புதிது இல்லை. 1958-லேயே சென்னைக்குப் பக்கத்தில் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது. காமராஜர் முதலமைச்சர். நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநர். அங்கே ஆரம்பித்து ஊர் ஊராகப் போனது. எங்கள் பள்ளிக்கு இன்னது இல்லை என்று ஊர்க்காரர்கள் பட்டியல் போட்டார்கள். அவர்களே பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம், பிள்ளைகளுக்குச் சீருடை என்று கொடுத்தார்கள். நிலம் கொடுத்தவர்கள் உண்டு, கட்டடம் கட்டிக் கொடுத்தவர்களும் உண்டு.

அங்கேயும் முதலமைச்சர் பேசினார். நீட்டி முழக்குகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. மாநாட்டின் கதாநாயகர்கள் கொடுத்த ஊர்க்காரர்கள்தான். அறுபது வருஷம் கழித்தும் பெரியவர்கள் அந்த மாநாடுகளைப் பற்றிச் சொல்லும்போது, எங்க ஊர்ல இன்னார் இதைக் கொடுத்தார் என்றுதான் சொல்கிறார்கள்.

இப்போது பாருங்கள். 2025 பிப்ரவரி 22-ந் தேதி கடலூர் மாவட்டம் திருப்பெயரில் பெற்றோர் ஆசிரியர் கழக மாநாடு நடந்தது. முதல்வர் ஸ்டாலின் பேசினார். 10 ஆயிரம் கோடி ரூபாய் கொடுத்தாலும் தேசியக் கல்விக் கொள்கையில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். மத்திய அரசு சமக்ர சிக்ஷா பணத்தை நிறுத்தி வைத்திருந்த நேரம். பேச வேண்டிய விஷயம்தான், மறுப்பதற்கில்லை. பத்திரிகைகளில் அதுதான் தலைப்பு. எங்கள் தொழிலும் இதில் உடந்தை, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பந்தலில் வந்து உட்கார்ந்த பெற்றோர்கள் என்ன கேட்டார்கள் என்று தேடிப் பிடித்து எழுத நிருபர்கள் யாரும் மெனக்கெடுவதில்லை.

சுவரும் கூரையும்

நான் போலீஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி வாசல் என்று அலைகிற நிருபர். பள்ளிக்கூடச் செய்தி எங்கள் கைக்கு எப்போது வரும் தெரியுமா? விபத்து நடந்த பிறகு.

2004 ஜூலை 16. கும்பகோணத்தில் சத்துணவுக் கூடத்துத் தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள் கருகிப் போனார்கள். அதற்கப்புறம்தான் மாநிலம் பூராவும் பள்ளிகளில் கீற்றுக் கூரையைப் பிரித்தார்கள். 2021 டிசம்பர் 17. திருநெல்வேலியில் ஒரு பள்ளியில் கழிவறைச் சுவர் இடிந்து விழுந்து 3 மாணவர்கள் பலி. அதற்கப்புறம்தான் பழைய கட்டடங்களைக் கணக்கெடுத்து இடித்தார்கள்.

இரண்டுமே அரசுப் பள்ளிகள் இல்லைதான். ஆனால் விரிசல் விட்ட சுவருக்கு அரசு, தனியார் என்று பேதம் தெரியுமா? அந்த விரிசல் தினமும் பிள்ளைகளை விட வருகிற தாய் தகப்பன் கண்ணில்தான் முதலில் படும். எது பூச்சு விரிசல், எது ஆபத்தான விரிசல் என்று அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? பொதுப்பணித் துறை என்ஜினீயர் ஒருவரை மேடை ஏற்றி, நாலு படம் காட்டிச் சொல்லச் சொன்னால் ஆகாதா? தீயணைப்பு நிலைய அதிகாரி உள்ளூரிலேயே இருக்கிறாரே! பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் ஒருவர் சம்மதித்து வந்து ஐந்து நிமிடம் பேசினால் பந்தலில் ஒரு செல்போன் கூட அசையாது.

யாரை வேண்டுமானாலுமா?

வெளியிலிருந்து பேச்சாளரைக் கூப்பிடும்போது முன்பின் விசாரிக்க வேண்டும். 2024 ஆகஸ்டில் சென்னை அசோக் நகர் அரசு மகளிர் பள்ளியில் என்ன நடந்தது? தன்னம்பிக்கைப் பேச்சு என்று வந்த ஆசாமி, போன ஜென்மத்துப் பாவ புண்ணியம் என்று ஆரம்பித்தார். உடல் ஊனம் எல்லாம் முற்பிறவிப் பலன் என்கிற பாணி. பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் அங்கேயே எழுந்து நின்று ஆட்சேபித்தார். செப்டம்பரில் பேச்சாளர் கைதானார். தலைமை ஆசிரியர் வேறு ஊருக்கு மாற்றப்பட்டார்.

அந்த மேடைக்கு அந்த ஆள் வரலாமா என்று பள்ளிக் குழுப் பெற்றோர்களைக் கூட்டி முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டிருந்தால்? மாற்றுத்திறனாளிப் பிள்ளை வைத்திருக்கும் ஒரு தாய் போதும், "இவரு எதுக்குங்க?" என்று கேட்டிருப்பார்.

"மந்திரி வந்தால்தானே காரியம் நடக்கும்" என்று அதிகாரிகள் சொல்வார்கள். வரட்டுமே! வரக்கூடாது என்று யார் சொன்னது? வந்து முதல் வரிசையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் கேட்கட்டும். கடைசியில் பேசட்டும். அப்போது அவர் பேச்சில் கக்கூஸ் கதவும் வரும்.

கூலி போகிறதே!

இன்னொன்று. 2022-ல் மாதாந்திரக் கூட்டத்துக்கு வெள்ளிக்கிழமை பிற்பகல் என்று நாள் குறித்தார்கள். ஆபீஸில் உட்கார்ந்து குறித்த நாள் என்று பார்த்தாலே தெரிகிறது. சித்தாள் வேலைக்குப் போகிற பெண் பாதி நாளில் கரணையைக் கீழே வைத்துவிட்டு வந்தால் மேஸ்திரி முழுக் கூலி கொடுப்பாரா? வீட்டு வேலை செய்கிறவர், துணிக்கடையில் நிற்கிறவர், ஆட்டோ ஓட்டுகிறவர், எல்லாருக்கும் இதே கதைதான். வராதவர்களுக்கு அக்கறை இல்லை என்று வருகைப் பதிவேட்டைக் காட்டிச் சொல்வது சுலபம். 2022 மார்ச் 20 ஞாயிற்றுக்கிழமையாக இருந்ததே, அதை யோசித்துப் பார்க்கக் கூடாதா?

அடுத்த மாநாட்டு அழைப்பிதழ் அச்சுக்குப் போவதற்குள் பள்ளிக் கல்வித் துறை ஒரு காரியம் செய்யட்டும். வாழ்த்துரையில் ஐந்து பெயரை அடித்துவிட்டு, ஐந்து பள்ளிக் குழுத் தலைவர்களின் பெயரைப் போடட்டும். ஆளுக்குப் பத்து நிமிடம். எங்கள் பள்ளிக்கு எவ்வளவு பணம் வந்தது, என்ன செய்தோம், எது நின்று போயிருக்கிறது, யார் மேஜையில் நிற்கிறது என்று அவர்கள் சொல்லட்டும். அந்த மேஜைக்குச் சொந்தக்காரர் எப்படியும் மேடையில்தான் உட்கார்ந்திருப்பார். பொன்னாடையை அப்புறம் போர்த்திக்கொள்ளலாம்.