மகுடத்தின் கீழே மக்களாட்சியா?

நம் சங்கத்தின் மாதக் கூட்டங்களில் ஒரு குரல் அடிக்கடி எழும்புகிறது. "எதற்கெடுத்தாலும் பணக்காரன், பரம்பரை என்று பேசுகிறீர்களே, சீமையைப் பாருங்கள். அங்கே ராஜாவும் இருக்கிறார், பிரபுக்களும் இருக்கிறார்கள், கோடீசுவரரும் பிரதமராகிறார். ஆனாலும் ஜனநாயகத்துக்குத் தாய்வீடு அதுதானே?" என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் படித்ததையும் தொலைக்காட்சியில் பார்த்ததையும் வைத்துக் கேட்கிறார்கள். அவர்களுக்கு விடை சொல்லும் கடமை நமக்கு உண்டு. தாய்வீட்டுக்குள் ஒரு முறை நுழைந்து பார்த்துவிட்டே சொல்வோம்.

2023 மே 6 அன்று மூன்றாம் சார்லஸ் லண்டனில் முடி சூடிக்கொண்டார். நம் மும்பை டப்பாவாலாக்கள் அவருக்காகப் புனே தலைப்பாகையும் அங்கவஸ்திரமும் வாங்கினார்கள். 2003இல் சர்ச்கேட்டுக்கு வந்து தங்களைப் பார்த்தவர், 2005இல் தம் திருமணத்துக்கு அழைத்தவர் என்ற நன்றி. சோறு சுமக்கும் தொழிலாளியின் அந்த நன்றியை நாம் குறை சொல்ல மாட்டோம். ஆனால் அதே நாள் காலையில் லண்டன் தெருவில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 'இவர் என் மன்னர் அல்ல' என்று எழுதிய அட்டைகளை வண்டியிலிருந்து இறக்கிக் கொண்டிருந்தார்கள் முடியாட்சி எதிர்ப்பாளர்கள். அமைப்பின் தலைவர் உட்பட ஆறு பேரைப் போலீசார் பிடித்துக்கொண்டு போனார்கள். என்ன குற்றம்? அட்டைகளைக் கட்டியிருந்த வார்ப்பட்டையால் தங்களை எதிலாவது பிணைத்துக்கொண்டு மறியல் செய்வார்களாம்! அதற்கான சட்டத்துக்கு மன்னரின் ஒப்புதல் கிடைத்தது மே 2ஆம் தேதி, முடிசூட்டுக்கு நான்கே நாள் முன்பு. ஊர்வலம், வேட்டு, விருந்து எல்லாம் ஓய்ந்த பிறகு ஆறு பேரையும் விட்டார்கள். வழக்கில்லை. வருந்துகிறோம் என்றார்கள். அவ்வளவுதான்.

சார்லஸ் நமக்கு முற்றிலும் அந்நியரும் அல்லர். இளவரசராக இருந்தபோது 2009இல் அவர் நம் தாராவியைப் புகழ்ந்து பேசினார். மேல்நாட்டு நிபுணர்கள் வரைந்து கட்டும் குடியிருப்பைவிடத் தாராவி மக்கள் தாமே அமைத்துக்கொண்ட குடியிருப்பில் பாடம் இருக்கிறது என்பது அவர் கருத்து. மெச்சியதற்கு நன்றி! விடியுமுன் வாளியோடு கழிப்பிட வரிசையில் நிற்கிற நம் தாய்மார்களிடம் கேட்டிருந்தால் அந்தப் பாடத்தின் விலையையும் சேர்த்துச் சொல்லியிருப்பார்கள்.

"ராஜா வெறும் அலங்காரம், பொம்மை, அவரால் யாருக்கு என்ன கெடுதல்?" என்பது அடுத்த வாதம். பொம்மைக்கு ஆகும் செலவைப் பார்ப்போம். முடிசூட்டு விழாவுக்கு மட்டும் அரசுக் கஜானாவிலிருந்து போனது 7 கோடியே 20 லட்சம் பவுண்டு என்று பின்னால் அரசாங்கமே கணக்கு வெளியிட்டது. நம் பணத்தில் 700 கோடி ரூபாய்க்கு மேல். அரச குடும்பத்தின் அலுவல்களுக்கு ஆண்டுதோறும் தரும் மானியம் 2024-25இல் 8 கோடியே 63 லட்சம் பவுண்டாக இருந்தது. 2025-26இல் 13 கோடியே 21 லட்சமாக உயர்ந்தது. அரண்மனை பழுதுபார்ப்பும் இதில் சேர்த்தி என்கிறார்கள். சரி, பழுது பார்க்கட்டும். வரிக்கு வருவோம்.

அங்கே ஒருவர் இறந்தால் அவர் விட்டுச் செல்லும் சொத்தில் பொதுவாக 3,25,000 பவுண்டுக்கு மேற்பட்ட பகுதிக்கு 40 சதவீதம் வாரிசு வரி. வீடு, கணவன் மனைவி என்று சில சலுகைகள் உண்டு. ஆனால் மன்னரிடமிருந்து அடுத்த மன்னருக்குப் போகும் சொத்துக்கு வரியே கிடையாது. 1993இல் ஜான் மேஜர் அரசு செய்துகொண்ட ஏற்பாடு அது. 2022 செப்டம்பரில் எலிசபெத் அரசி இறந்தபோது சார்லசுக்கு அந்த விலக்கு கிடைத்தது. வருமான வரியை அவர்கள் தாமாக முன்வந்து கட்டுகிறார்கள் என்று பெருமையாகச் சொல்வார்கள். தாமாக முன்வந்து! நம் சம்பளத்தில் பிடிப்பவன் என்றைக்காவது நம்மை 'முன்வருகிறாயா' என்று கேட்டதுண்டா? மகள் கல்யாணத்துக்கு ஒரு சவரன் சேர்க்க நாம் படும் பாடு நமக்குத் தெரியும். அந்தச் 'சவரன்' என்ற சொல்லே முடிமன்னர் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்தான். அவர்கள் ராஜா தலை பொறித்த தங்கக் காசின் பெயர். காசு நம் வாயில் பெயராக நின்றது, பெட்டி அவர்களிடம் நின்றது.

இன்னொன்று கேளுங்கள். மான்செஸ்டர், லிவர்பூல் போன்ற பழைய பஞ்சாலை, துறைமுக ஊர்களை உள்ளடக்கிய லங்காஷயர் வட்டாரத்தில் உயில் எழுதாமல், சொந்தம் யாருமில்லாமல் ஒரு கிழவன் செத்துப் போனால் அவன் சேமிப்பு யாருக்குப் போகும்? அரசாங்கத்துக்கு அல்ல, மன்னருக்கு வருமானம் தரும் லங்காஸ்டர் எஸ்டேட்டுக்கு. செலவு போக மிச்சம் தருமத்துக்கு என்பது அவர்கள் விளக்கம். அந்தச் 'செலவில்' எஸ்டேட் வாடகைக்கு விடும் கட்டடங்களைச் செப்பனிட்டதும் அடங்கும் என்பதை 2023இல் கார்டியன் பத்திரிகை வெளியே கொண்டுவந்தது. அநாதையாய்ச் செத்த தொழிலாளியின் கடைசிக் காசு ராஜாவின் வாடகை வீட்டுக்குக் கூரையாகிறது. இதற்குப் பெயர் அலங்காரமா?

அதிகாரமும் இல்லாமல் இல்லை. மன்னரின் சொத்தையோ உரிமையையோ தொடும் மசோதா எதுவானாலும் நாடாளுமன்றம் அதை நிறைவேற்றும் முன்பே அரண்மனைக்கு அனுப்பி இசைவு வாங்க வேண்டும். எலிசபெத் காலத்தில் இப்படி ஆயிரத்துக்கு மேற்பட்ட மசோதாக்கள் அரண்மனை வாசலைத் தொட்டுத் திரும்பின என்று 2021இல் அதே பத்திரிகை கணக்கெடுத்தது. நம் கூலிச் சட்டத்தை, குடிசைச் சட்டத்தை நிறைவேற்றும் முன் நம்மிடம் ஒரு வரி காட்டினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

வாடகை கொடுத்தே வயதாகிப் போனவர்கள் நாம். ஆகவே மன்னரின் தம்பி ஆண்ட்ரூவின் வாடகை நமக்குச் சுவையாக இருக்கும். விண்சரில் அவர் குடியிருந்த மாளிகைக்கு 2003இல் 75 ஆண்டுக் குத்தகை எழுதினார்கள். ஆண்டு வாடகை ஒரு மிளகு! அதுவும் கேட்டால்தான் கொடுக்க வேண்டும். ஆரம்பத்தில் பத்து லட்சம் பவுண்டு கட்டி, மராமத்தும் தம் செலவில் செய்தார் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். அந்த மொத்தத் தொகையைக் கட்ட முடிகிறவனுக்குத்தான் அதற்குப் பிறகு மிளகு. கட்ட முடியாதவனுக்கு மாதா மாதம் வாடகை. 2025 அக்டோபரில் அவர் பட்டங்களைப் பறித்து மாளிகையைக் காலி செய்யச் சொன்னார்களே, அது வேறு விவகாரங்கள் வெடித்து ஊர் சிரித்த பிறகு. மிளகுக்காக அல்ல.

இதே நாட்டில் 2013 ஏப்ரலில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. அரசு வாடகை உதவி பெறும் ஏழைக் குடும்பத்தில் ஒரு படுக்கையறை கூடுதலாக இருந்தால் உதவியில் 14 சதவீதம் வெட்டு, இரண்டு இருந்தால் 25 சதவீதம். பெரிய மகன் வேலைக்குப் போனான், அறை காலியானது, வெட்டு. பக்கிங்ஹாம் அரண்மனையில் 775 அறைகள். அதை யாரும் எண்ணிப் பார்த்து வெட்டவில்லை. 2016 நவம்பரில் அதைப் புதுப்பிக்க 36 கோடியே 90 லட்சம் பவுண்டு திட்டம்தான் அறிவித்தார்கள்.

அறை வெட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்த பிரதமர் டேவிட் கேமரன் ஈட்டன் பள்ளியில் படித்தவர். ஆண்டுக் கட்டணம் 50,000 பவுண்டுக்கு மேல் போகும் பள்ளிக்கூடம் அது. 1440இல் ஆறாம் ஹென்றி மன்னர் அதைத் தொடங்கியது ஏழை மாணவர்களுக்காக என்றால் நம்புவீர்களா? இதுவரை இருபது பிரதமர்கள் அந்த ஒரே பள்ளியிலிருந்து வந்திருக்கிறார்கள். முதல் பிரதமர் வால்போல் தொடங்கி போரிஸ் ஜான்சன் வரை. அந்நாட்டுப் பிள்ளைகளில் தனியார் பள்ளிக்குப் போகிறவர்கள் நூற்றுக்கு ஏழு பேர். 2019 கணக்குப்படி உயர் நீதிபதிகளில் நூற்றுக்கு 65 பேர் அந்த ஏழிலிருந்து வந்தவர்கள். கேமரனுக்கு வருவோம்: 2016இல் பதவி விலகி நாடாளுமன்றத்தையும் விட்டுப் போனவர் 2023 நவம்பரில் வெளிநாட்டு அமைச்சராகத் திரும்பி வந்தார். எந்தத் தொகுதியில் நின்றார்? எங்கும் நிற்கவில்லை. பிரபு பட்டம் கொடுத்து மேல்சபையில் உட்கார வைத்தார்கள், தீர்ந்தது.

மேல்சபையின் லட்சணத்தைத் தனியாகவே ஒரு இதழ் எழுதலாம். 1999இல் பரம்பரைப் பிரபுக்களை வெளியேற்றியபோதும் 92 இடங்களை அவர்களுக்கென்று விட்டு வைத்தார்கள். அவற்றில் ஓர் இடம் காலியாகி 2016இல் தேர்தல் நடந்தது. போட்டியிட்டவர்கள் ஏழு பிரபுக்கள். வாக்காளர்கள் எத்தனை பேர் தெரியுமா? மூன்று பேர். மூன்று வாக்கும் ஒருவருக்கே விழ, அவர் நாட்டுக்குச் சட்டம் செய்யப் போனார். எஞ்சிய பரம்பரை இடங்களை ஒழிக்கும் மசோதா வந்தது 2024 செப்டம்பரில்தான். இங்கே நாம் 2000 ஜனவரி 1க்கு முன்பே குடியிருந்தோம் என்று நிரூபிக்கப் பழைய மின்கட்டண ரசீதுக்கும் ரேஷன் அட்டைக்கும் தகரப் பெட்டியைக் கவிழ்த்துத் தேடுகிறோம், 350 சதுர அடிக்காக. அங்கே அந்த இடங்களைப் பிடித்த பரம்பரைப் பிரபுக்களுக்குப் பாட்டனார் பெயரே தகுதியாகச் சட்டசபையில் ஆசனம் இருந்தது.

நம் நாட்டில் வாரிசு அரசியல் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு, நாற்றமும் உண்டு. ஆனால் நம் மகாராஜாக்களின் மன்னர் மானியத்தை 1971இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி ஒழித்தோம். 1951-52இல் முதல் பொதுத்தேர்தல் நடந்தபோது ஆளுக்கு ஒரு வாக்கு என்று தொடங்கினோம். சீமையில் பட்டதாரிக்கும் வியாபாரிக்கும் இரண்டாவது வாக்கு இருந்த வழக்கத்தை ஒழித்த சட்டமே 1948இல்தான் வந்தது. யார் யாருக்குத் தாய்?

2022 தீபாவளி சமயத்தில் ரிஷி சுனக் பிரதமரானபோது 'நம்மவர் சீமையை ஆள்கிறார்' என்று இங்கே இனிப்பு வழங்கினார்கள். நம் பிள்ளைகளும் வாங்கித் தின்றார்கள், இனிப்பில் தோஷமில்லை. ஆனால் அவர் யாருடைய ஆள்? வின்செஸ்டர் பள்ளி, ஆக்ஸ்போர்டு, கோல்ட்மன் சாக்ஸ் வங்கி என்று ஏறி வந்தவர். மனைவி இன்போசிஸ் நிறுவனரின் மகள். அவ்வாண்டு சண்டே டைம்ஸ் பணக்காரர் பட்டியலில் தம்பதியின் சொத்து 73 கோடி பவுண்டு. எலிசபெத் அரசியின் சொத்து 37 கோடி. ராணியையே மிஞ்சிய குடிமகன்! அவர் நிதியமைச்சராகத் தொழிலாளர் சம்பளத்தில் பிடிக்கும் தேசியக் காப்பீட்டுத் தொகையை உயர்த்திய 2022 ஏப்ரலிலேயே இன்னொன்றும் வெளிப்பட்டது. வெளிநாட்டில் நிரந்தர வாசம் உடையவர் என்ற தகுதியைக் காட்டி, அவர் மனைவி இந்தியாவிலிருந்து வரும் லாபப் பங்குக்கு அங்கே வரி கட்டாமல் இருந்தார். சட்டப்படி குற்றமில்லை. குற்றமில்லாதபடி சட்டம் இருப்பதைத்தான் நாம் சொல்கிறோம். கூச்சல் எழுந்த பிறகு கட்டுவதாக ஒத்துக்கொண்டார். தோலின் நிறம் நம்முடையதாக இருக்கலாம். பணப்பெட்டியின் சாவி எந்த வர்க்கத்தின் இடுப்பில் தொங்குகிறது என்று பார்க்க வேண்டாமா?

இதையெல்லாம் அந்நாட்டுத் தொழிலாளர்கள் வாய்மூடி ஏற்றுக்கொண்டார்கள் என்று நினைக்க வேண்டாம். பத்து வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கிய கெய்ர் ஹார்டி 1892இல் தொழிலாளி உடையிலேயே நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார். 1894 ஜூன் 23 அன்று வேல்ஸ் நாட்டின் ஆல்பியன் சுரங்கம் வெடித்தது. சுமார் 290 பேர் மாண்டார்கள். அதே நாளில் அரச குடும்பத்தில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. மறுநாள் பிரான்சு ஜனாதிபதி கொலையானார். நாடாளுமன்றம் என்ன செய்தது? பிரான்சு ஜனாதிபதிக்கு இரங்கல். குழந்தைக்கு வாழ்த்து. செத்த தொழிலாளர் குடும்பங்களுக்கும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஹார்டி கேட்டார், மறுத்தார்கள். எழுந்து நின்று தனி ஒருவராக வாழ்த்துத் தீர்மானத்தை எதிர்த்துப் பேசினார். இந்தக் குழந்தையைச் சுற்றித் துதிபாடிகள் கூடுவார்கள், தான் மற்ற மனிதரினும் உயர்ந்தவன் என்று அதற்குக் கற்பிப்பார்கள் என்றார். சபை முழுவதும் கூச்சலிட்டது. அடுத்த ஆண்டு தேர்தலில் தோற்றார். அதற்கு வேறு காரணங்களும் உண்டு. 1900இல் வேல்ஸ் சுரங்கப் பகுதியான மெர்த்தர் தொகுதி அவரைத் திரும்பவும் அனுப்பிவைத்தது. அந்தக் குழந்தை எட்டாம் எட்வர்டாகி 1936இல், ஓராண்டுகூட முடியுமுன், மகுடத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போனது.

ஹார்டி வளர்த்த தொழிற்கட்சி 2024 ஜூலையில் ஆட்சிக்கு வந்தது. தலைவரின் பெயரும் கெய்ர். முன்னால் 'சர்' பட்டம், கெய்ர் ஸ்டார்மர். கருவி செய்யும் தொழிலாளியின் மகன். நூற்றுக்கு 34 வாக்கில் 63 சதவீத இடம் கிடைத்தது. அந்தக் கணக்கு தனிக் கதை. வந்த மாதமே ஏறக்குறைய ஒரு கோடி முதியோருக்குக் குளிர்கால எரிபொருள் உதவியை நிறுத்துவதாக அறிவித்தார்கள். செப்டம்பரில், பிரதமர் அணிந்த சட்டை, மூக்குக்கண்ணாடி முதல் ஒரு கோடீசுவரப் பிரபு வாங்கிக் கொடுத்தவை என்ற செய்தி பரவியது. எதிர்ப்பு தாங்காமல் 2025 ஜூனில் பெரும்பாலானோருக்கு எரிபொருள் உதவியைத் திருப்பிக் கொடுத்தார்கள். இந்தக் கட்சியின் உறுப்பினர் ஒவ்வொருவரும் நாடாளுமன்றத்தில் உட்காருமுன் விசுவாசம் காப்பதாக உறுதி கூறியது யாருக்கு? வாக்களித்த தொகுதி மக்களுக்கா? மன்னருக்கும் அவர் வாரிசுகளுக்கும்.

லண்டனில் கென்சிங்டன் வட்டாரத்தில் இளவரசர்களின் அரண்மனை ஒன்று இருக்கிறது. அதே வட்டாரத்தில், அதே நகராட்சிக்குச் சொந்தமாக, கிரென்பெல் என்ற 24 மாடிக் குடியிருப்பும் இருந்தது. குடியிருந்தவர்களில் பலர் பிழைக்க வந்த வெளிநாட்டார், நம்மைப் போன்றவர்கள். கட்டடம் பத்திரமாக இல்லை என்று முன்கூட்டியே எழுதி எழுதிக் கேட்டார்கள். 2017 ஜூன் 14 அதிகாலையில் அழகுக்கும் குளிருக்குமாக வெளிச்சுவரில் ஒட்டிய தகடுகள் பற்றிக்கொண்டு எரிந்து 72 பேர் மாண்டார்கள். நாட்டின் மிகப் பணக்கார வட்டாரங்களில் ஒன்று அது.

சீமையைப் பாருங்கள் என்று சொன்ன நண்பர்களுக்கு இந்த இதழிலும் அடுத்த கூட்டத்திலும் இடமுண்டு. மறுப்பு எழுதி அனுப்பினால் ஒரு வரியும் வெட்டாமல் போடுவோம். மூன்று வாக்காளர் தேர்தலுக்கு மட்டும் ஒரு விளக்கம் சேர்த்து எழுதுங்கள்.