கொலுசாகும் முன் ஒரு பார்வை



வெள்ளி விலை ஏற ஏற, எங்கள் பக்கத்து வீடுகளில் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. "ஆத்தா வெச்சிருந்த ராணி ரூபா சும்மாதான கெடக்குது, செவ்வாப்பேட்டை வெள்ளிப் பட்டறையில குடுத்துப் பாப்பாவுக்குக் கொலுசு பண்ணிரலாம்."

என் அக்கா கல்யாணத்தின்போது எங்கள் வீட்டிலும் இதுதான் நடந்தது. அம்மாயியின் சுருக்குப்பையில் இருந்த வெள்ளி ரூபாய்கள் பட்டறைக்குப் போயின. ஒன்று மட்டும் தப்பியது. அந்த ரூபாயின் எடை சரியாக ஒரு தோலா, அதாவது 11.66 கிராம் என்பதால் அம்மாயி அதை எடைக்கல்லாக வைத்திருந்தார். பல வருடம் கழித்து, மழைபெய்த ஒரு மதியம் அதை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். 1862 என்ற எண்ணுக்குக் கீழே இரண்டு சின்னப் புள்ளிகள்.

அந்தப் புள்ளிகள் என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை. விக்டோரியா ரூபாயில் 1862 என்ற ஆண்டு 1874 வரை மாறவே இல்லை. பன்னிரண்டு ஆண்டுக் காலம் ஒரே எண்ணைப் போட்டுத்தான் அடித்தார்கள். பம்பாய் நாணயச்சாலை மட்டும் அச்சில் புள்ளிகளைக் கூட்டியும் இடம் மாற்றியும் வைத்து உள்ளுக்குள் ஒரு கணக்கு வைத்துக்கொண்டது. 1862 என்று போட்ட காசு 1862-ல் அடித்ததாக இருக்க வேண்டியதில்லை என்பதை அந்தப் புள்ளிகளே சொல்கின்றன. ராணியின் மேலாடைப் பூ வேலைப்பாட்டிலும் பின்பக்க மலர்க் கொடியிலும்கூட அச்சுக்கு அச்சு வேறுபாடு உண்டு. பட்டறைக்குப் போன மற்ற ரூபாய்களில் எத்தனை புள்ளிகள் இருந்தன என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் இந்த மாதம் இந்தப் பக்கத்தை இதற்கென்று ஒதுக்கினேன்.

ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் இருந்தால் பின்பக்கம் அடியில் உள்ள தாமரைக்குக் கீழே பாருங்கள். மேடான ஒரு புள்ளி இருந்தால் பம்பாய், ஒன்றுமில்லை என்றால் கல்கத்தா. அதிலும் 1911 என்றிருந்தால் இன்னும் கொஞ்சம் நேரம் கொடுங்கள். மன்னரின் அங்கியில் உள்ள யானையின் தும்பிக்கை குட்டையாகி, பன்றிபோலத் தெரிந்ததால் பெரிய சர்ச்சை எழுந்தது. வெளியில் விடாத காசுகளில் பெரும்பகுதியை உருக்கிவிட்டு, 1912-ல் யானையைத் திருத்தி அடித்தார்கள். இரண்டு ஆண்டுக் காசுகளும் கிடைத்தால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது ஒரு தனி அனுபவம்.

சுதந்திரத்துக்குப் பிந்தைய காசுகளில் ஆண்டுக்குக் கீழே வைரக் குறி இருந்தால் மும்பை, நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், வட்டப் புள்ளி இருந்தால் நொய்டா. கொல்கத்தாவுக்குக் குறியே கிடையாது. பரமத்தி வேலூர் வாசகர் ஒருவர், தன் 1985 ஒரு ரூபாயில் 'எச்' என்ற ஆங்கில எழுத்து இருக்கிறதே, பிழையா என்று கேட்டிருந்தார். பிழை இல்லை ஐயா. சில்லறைத் தட்டுப்பாட்டின்போது வெளிநாட்டில் அடித்து வாங்கிய காசு அது. எச் என்பது பர்மிங்காம் ஹீட்டன் ஆலையின் குறி. எண்ணிக்கையில் ஏராளம் என்பதால் பெரிய விலை போகாது. ஆனாலும் பேரனுக்குக் காட்டிக் கதை சொல்ல நல்ல காசு, பத்திரமாக வையுங்கள்.

உண்மையான பிழையைக் கண்டுபிடிப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அச்சின் பள்ளத்தில் எண்ணெய்ப் பிசுக்கு அடைத்துக்கொண்டால் குறி விழாது. மும்பைக் காசு கொல்கத்தாக் காசு போலத் தோன்றும். சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் குறியின் நிழலாவது தெரியும். யாராவது சுரண்டி எடுத்திருந்தால் அந்த இடத்தில் கீறலும் பளபளப்பும் இருக்கும், சுற்றியுள்ள பரப்போடு ஒட்டாது. காசைப் புத்தகப் பக்கம் திருப்புவதுபோல் இடமிருந்து வலமாகத் திருப்பிப் பாருங்கள். நம் காசுகளில் இரு பக்கமும் நேராக நிற்க வேண்டும். பின்பக்கம் சாய்ந்தோ தலைகீழாகவோ நின்றால் அச்சு திரும்பியிருக்கிறது. அது உண்மையான பிழை.

சங்ககிரிப் பக்கத்து வாசகர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 1792-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போகும் வரை சேலம் சீமை திப்பு சுல்தானின் கையில் இருந்தது. அவருடைய செப்புக் காசில் ஒரு பக்கம் யானை, மறுபக்கம் பாரசீக எழுத்தில் நாணயச்சாலையின் பெயர். யானை இடப்பக்கம் பார்க்கிறதா, வலப்பக்கமா, தும்பிக்கை தூக்கியிருக்கிறதா என்பதெல்லாம் அச்சுக்கு அச்சு மாறும். சத்தியமங்கலத்துக்கு அவர் வைத்த பெயர் சலாமாபாத். அந்தப் பெயரிலும் காசு உண்டு. 1787 முதல் அவர் கொண்டுவந்த புது ஆண்டுமுறையில் எண்களை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். இது தெரியாமல் தேய்ந்த காசு என்று பழைய பித்தளையோடு எடைக்குப் போட்டவர்களை எனக்குத் தெரியும். மண்ணுக்கடியில் புதையலாக ஏதும் கிடைத்தால் மட்டும், 1878-ஆம் ஆண்டுச் சட்டப்படி கலெக்டர் அலுவலகத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும்.

இந்தக் காசு இருந்தால் லட்சாதிபதி என்று கைப்பேசியில் வரும் வீடியோக்களை நம்பி முன்பணம் கட்டாதீர்கள். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிக் கமிஷன் கேட்கும் கூட்டத்தைப் பற்றி அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது.

பழைய காசைப் புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், விபூதி போட்டும் வேண்டாம். மேலே படிந்த கறுப்பே காசுக்குக் காப்பு. சன்னல் ஓரத்தில், பக்கவாட்டு வெளிச்சத்தில் இரு பக்கமும் படம் எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள். காசைத் தபாலில் அனுப்பிவிடாதீர்கள். அது ஆத்தாவின் பையிலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்